நள்ளென்ற ஓசை

“அண்ணா, இது பயமாக இருக்கிறது. இருட்டாக இல்லை.”

குறும்படத்தின் இயக்குநர் இப்படிச் சொன்னபோது எனக்கு முதலில் பிடிபடவில்லை. மூன்று வாரம் இரவும் பகலுமாக உட்கார்ந்து செய்த பின்னணி இசை அது. படம் 14 நிமிடம்தான். பல ஆண்டுகள் கழித்து ஊருக்கு வரும் ஒருவன், பாட்டி வாழ்ந்த ஓட்டு வீட்டில், மின்சாரம் போன ஓர் இரவைத் தனியாகக் கழிக்கிறான். பேய் இல்லை, கொலை இல்லை. ஒரு முற்றம், ஓர் ஊஞ்சல், ஒரு கிணறு. மொத்தம் பத்து வரி வசனம் இருந்தால் அதிகம்.

நான் அதற்கு என்னென்ன செய்திருந்தேன் என்று இப்போது யோசித்தால், எல்லோரும் செய்வதைத்தான் செய்திருந்தேன். சின்தசைசரில் அடி ஆழத்தில் ஒரு நீண்ட சுருதி. அதன் மேல் அரைச்சுர இடைவெளியில் ஒன்றோடொன்று உரசும் இரண்டு வயலின்கள். அவன் கதவைத் திறக்கும் இடத்தில் ஓர் இடி. பியானோவின் இடது கோடியிலிருந்து தனித்தனியாக விழும் மூன்று சுரங்கள், அவற்றைச் சுற்றிப் பெரிய தேவாலயத்தின் எதிரொலி. ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க நன்றாகவே இருந்தது. படத்தோடு ஓட்டியபோது, அந்த வீட்டில் யாரோ கத்தியோடு ஒளிந்திருப்பது போல ஆகிவிட்டது. அவள் சொன்னது முழு உண்மை. பயம் என்பது வந்து போகிற ஒன்று. கதவுக்குப் பின்னால் என்ன என்ற கேள்விக்கு விடை தெரிந்ததும் அது முடிந்துவிடும். இருட்டு அப்படி இல்லை. அது அங்கேயே கிடக்கும். நாம்தான் அதற்குள் நடமாட வேண்டும்.

பயத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தை 1960-லேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்துக்கொண்டார். ஊதல் இல்லை, தாளம் இல்லை. குளியலறைக் கொலையின் கீச்சிடும் வயலின்களைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஒரு காட்சியைத் தவிர மற்ற இடங்களில் எல்லாம் அந்த வயலின்களின் குதிரை மேல், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின் மேல், மியூட் பொருத்தப்பட்டிருந்தது. மியூட் என்பது ஒரு சிறிய கவ்வி. குதிரையின் அதிர்வை அது கொஞ்சம் பிடித்து நிறுத்துவதால், ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து மெல்லியதாக ஒலிக்கும் மேல்நிலைச் சுரங்கள் மங்கி, வயலின் போர்வைக்குள்ளிருந்து ஒலிப்பதுபோல் ஆகிவிடும். படம் முழுக்க அந்த மங்கல். கொலை நடக்கும்போது மட்டும் மூடி திறந்து, கண்கூசும் வெளிச்சம். பயம் பளிச்சென்று இருக்கிறது. இருட்டு மங்கலாக இருக்கிறது. இத்தனை முறை அந்தப் படத்தைப் பார்த்தும், அவள் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகுதான் எனக்கு அது காதில் விழுந்தது.

இருண்ட இசை என்றதும் நம்மில் பலர் ராகத்தைத்தான் முதலில் தேடுகிறோம். சுபபந்துவராளி, முகாரி என்று ஒரு பட்டியல் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. மேற்கத்திய இசை படித்தவர்கள் ஃபிரிஜியன் என்ற சுரவரிசையைச் சொல்வார்கள். ஆதார சுரத்துக்கு மிக அருகில் ஒரு சுரம் உரசுவதால் அது இருட்டு என்று பாடமே இருக்கிறது. ஆனால் ஃபிரிஜியனின் ஏழு சுரங்களும் நம் தோடி ராகத்தின் ஏழு சுரங்களும் ஒன்றேதான். ஸட்ஜமும் பஞ்சமமும் போக, சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். டி. என். ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் தோடி வாசித்த பதிவைக் கேட்டுப் பாருங்கள். அதில் எங்கே இருட்டு? ராஜ வீதியில் தேர் வருவது போன்ற விரிவு அது. சுரங்கள் அதேதான், இருட்டு மட்டும் இல்லை.

ஏன் என்று ஒரு நாள் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். தோடியின் காந்தாரத்துக்கு உயிரே அதன் கமகம்தான். அது ஓரிடத்தில் நிற்காது. மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவை எடுத்துவிட்டு, காந்தாரத்தை ஆடாமல் அசையாமல் ஒரே கோடாக நிறுத்தினேன். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு அது மூச்சு நின்ற சுரம். எந்தப் புதிய சுரமும் சேர்க்காமல், எதுவும் உரசாமல், அந்த இடத்தில் வெளிச்சம் குறைந்தது. ராகத்தை மாற்றுவதைவிட, ஒரு சுரத்திடமிருந்து அதன் அசைவைத் திரும்ப வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அன்று புரிந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருட்டு என்றாலே உடுக்கையைச் சேர்க்கும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உடுக்கை சாமியை அழைக்கும் கருவி. அந்த ஒலி கேட்கும் இடத்தில் தீப்பந்தம் எரியும், ஊரே கூடியிருக்கும். ஒப்பாரியும் அப்படித்தான். அது துக்கம், ஆனால் தோளோடு தோள் சேர்ந்த துக்கம். ஒரு பெண் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இரண்டிலும் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள். அவள் கேட்ட இருட்டில் ஆள் இல்லை.

சரி, அந்த வீட்டுக்கே போய்விடுவோம் என்று முடிவு செய்தோம். படப்பிடிப்பு நடந்த வீடு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருந்தது. மாசி மாதம். காற்று துளியும் இல்லை. கையடக்க ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, இரண்டு மைக், ஒரு பாய். இரவு பதினோரு மணிக்கு முற்றத்தில் மைக்கை நிறுத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கேட்டது எல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல், டியூப் லைட் சோக்கின் இரைச்சல், மின்விசிறியின் டக் டக். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸில் வீடு முழுவதும் ஒரு முனகல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் அதற்குப் பழகிவிட்டதால் அதை அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம். கதையில் மின்சாரம் இல்லையே என்று நினைவு வந்தது. வீட்டுக்காரரிடம் கேட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன்.

அந்த நொடியை எப்படிச் சொல்வது? ஹெட்போனுக்குள் வீட்டின் சுவர்கள் நாலா பக்கமும் விலகிப் போனது போல இருந்தது. மிக அருகில் என் சட்டையின் உரசல், உத்தரத்தில் பல்லி, கிணற்றடியில் சொட்டும் தண்ணீர். மிகத் தொலைவில் நீடாமங்கலம் பக்கம் போகும் ரயிலின் ஹாரன், அதற்கும் அப்பால் ஏதோ ஒரு மோட்டார். அருகிலும் ஒலி, தொலைவிலும் ஒலி. நடுவில் ஒன்றுமே இல்லை.

இதற்குக் காரணம் காற்றில் இருக்கிறது. பகலில் தரை சூடாக இருக்கும். தரையை ஒட்டிய காற்றும் சூடாக இருக்கும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது. கீழே குளிர்ந்த காற்று, மேலே அதைவிட வெப்பமான காற்று. ஒலி இப்போது கீழ்நோக்கி வளைகிறது. பகலில் எட்டாத ரயில் இரவில் வந்து எட்டுகிறது. பக்கத்து வீட்டுப் பேச்சும் தெருவில் போகும் வண்டியும் ஓய்ந்துவிடுவதால் நடுப்பகுதி காலியாகிறது. கண் சுருங்கும் நேரத்தில் காது நீள்கிறது. இருட்டு என்று நாம் உணர்வது இந்த நீட்சியைத்தான் என்று எனக்கு அங்கே பட்டது.

சங்கப் புலவர்கள் நள்ளிரவைச் சொல்லும்போது ‘நள்ளென்’ என்ற சொல்லை வைக்கிறார்கள். உரைகாரர்கள் அதை ஒலிக்குறிப்பு என்பார்கள். கலகல, சலசல போல நள்ளென் என்பதும் ஓர் ஓசை. பள்ளியில் படித்தபோது இது எனக்கு வெறும் சொற்பொருள். நள்ளிரவுக்கு என்ன ஓசை இருக்க முடியும் என்று கேட்டிருக்கிறேன். மெயினை இறக்கிய அந்த வீட்டில் அது கேட்டது. எதிலிருந்தும் வராத ஓசை. எல்லாம் அடங்கிய பிறகு இடத்துக்கென்று மிஞ்சும் ஓசை. நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து அதைப் பதிவு செய்தேன்.

அந்தப் பதிவைக் கணினியில் விரித்துப் பார்த்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. இருண்ட ஒலி வேண்டுமென்றால் மேல் அதிர்வெண்களை வெட்டிவிடு என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். உண்மையான இரவு அப்படி இல்லை. மேலே 4,000, 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் சில்வண்டின் மெல்லிய, கூரான கோடு. கீழே ஒரு மங்கலான பரப்பு. இடையில் வெற்றிடம். அந்த ஒற்றைக் கோட்டை வெட்டினால் இரவு கறுப்பாகவில்லை. காதில் பஞ்சு அடைத்தது போல ஆகிவிட்டது. ஒரு புள்ளி வெளிச்சம் இருந்தால்தான் சுற்றியுள்ள கறுப்பு தெரிகிறது.

மறுநாள் ஊஞ்சல். தேக்குப் பலகை, உத்தரத்து வளையத்தில் மாட்டிய இரும்புச் சங்கிலி. ஆட்டினால் முன்னே போகும்போது ஒரு கிரீச், பின்னே வரும்போது அதைவிடத் தாழ்ந்த ஒரு முனகல். 96 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது ஒலியை நொடிக்கு 96,000 முறை அளந்து, பதிந்தேன். பிறகு வேகத்தைக் குறைக்கப்போகிறோம் என்றால் இது உதவும். பாதி வேகத்தில் ஓட்டினால் எல்லாச் சுரங்களும் ஒரு ஸ்தாயி இறங்கும். மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் மைக் பிடித்துவைத்திருந்தவையும் கூடவே இறங்கி வந்து, மேல் பகுதியை வெறுமையாக விடாமல் நிரப்பும். சாதாரண வேகத்தில் பதிந்த ஒலியை இழுத்தால் வரும் அந்தச் சேற்றுத்தனம் இதில் இல்லை.

பாதி வேகத்தில் அந்தக் கிரீச் மரத்தின் நரம்பைக் காட்டியது. ஆசை விடவில்லை. கால் வேகத்துக்கு இறக்கினேன். உடனே அது ஏதோ ஒரு மிருகத்தின் தொண்டையாக மாறியது. கேட்பவரைத் தூக்கிவாரிப்போடும், சந்தேகமில்லை. ஆனால் ஊஞ்சல் போய்விட்டது. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் கேட்டேன். பாதி வேகத்தில் இது ஊஞ்சல்தான் என்று காதுக்குத் தெரிகிறது. ஆனால் எந்த ஊஞ்சலும் இத்தனை மெதுவாக ஆடாது என்பதும் தெரிகிறது. தெரிந்த பொருள் தெரியாத நடையில் வருகிறது. அந்த இடத்தில்தான் இருட்டு இருக்கிறது. பொருளின் அடையாளம் முழுக்க அழிந்துவிட்டால், கடையில் கிடைக்கும் பேய்ப்பட ஒலித் தொகுப்போடு அது சேர்ந்துவிடும். பாதி வேகத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

எதிரொலிக்கும் அங்கேயே வழி கிடைத்தது. முற்றத்து ஓரம் நின்று ஒரு பலூனை உடைத்து அந்த வெடிப்பைப் பதிந்தேன். ஓர் இடத்தின் கார்வை, அதாவது ஒலி நின்ற பிறகும் அங்கே தங்கும் அதன் மிச்சம், முழுவதும் அந்த ஒரு வெடிப்பில் அடங்கியிருக்கும். கணினியில் எந்த ஒலியையும் அதன் வழியாக அனுப்பினால் அந்த ஒலி அந்த முற்றத்தில் நிற்கும். எதிர்ச்சுவர் ஏறத்தாழ 5 மீட்டர். ஒலி போய்த் திரும்ப 10 மீட்டர்; சுமார் 29 மில்லிசெகண்ட். அந்த முதல் எதிரொலி தெளிவாகக் கேட்டது. அதற்குப் பிறகு நீண்ட வால் இல்லை. மேலே வானம் திறந்திருக்கிறது, ஓட்டுக் கூரையின் இடுக்குகள் வழியாகவும் ஒலி கசிந்து போய்விடுகிறது. நான் முதலில் போட்டிருந்த தேவாலய எதிரொலி எவ்வளவு பெரிய பொய் என்று அப்போது உறைத்தது. கல் கட்டிய உயர்ந்த கூரைக்குள் சுற்றிச் சுற்றி வரும் இருட்டு அது. அந்த இருட்டு வேறு நாட்டுக்கு உரியது. முற்றம் வைத்த வீட்டின் இருட்டுக்குக் கூரை இல்லை. ஒலி எழுந்து வானத்துக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை. வசனத்துக்கும் ஊஞ்சலுக்கும் அந்தக் குட்டிக் கார்வையை மட்டும் போட்டதும் அவன் நிஜமாகவே தனியாகிவிட்டான்.

அடிச் சுருதிக்குத் தம்புராவை எடுத்தேன். சுருதி ஆறு கட்டை; ஆதார ஸட்ஜத்தை ஒலிக்கும் சாரணித் தந்தி 220 ஹெர்ட்ஸ். ஒரே தந்தியின் பதிவை இரண்டு பிரதியாக வைத்து, ஒன்றை 2 சென்ட் மட்டும் இறக்கினேன். ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்றால் இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள். சுருதி விலகியிருப்பதாக யாருக்கும் தெரியாது. ஆனால் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தழுவியும் விலகியும், ஏறத்தாழ நான்கு நொடிக்கு ஒரு முறை ஒலி தாழ்ந்து எழும். மேல்நிலைச் சுரங்களில் இந்த அசைவு வேகமாகிப் படபடக்கும் என்பதால் மேல் பகுதியை, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மங்கவைத்தேன். நான்கு நொடி என்பது அமைதியாகப் படுத்திருக்கும் மனிதரின் மூச்சு. தாளம் எதுவும் இல்லாமல் அந்த வீடு மூச்சு விட ஆரம்பித்தது. இரண்டு ஸ்தாயி கீழே 55 ஹெர்ட்ஸில், பழைய சின்தசைசர் சுருதியை மெல்லிய நிழலாக வைத்தேன்.

அந்த நிழல்தான் என்னைக் கவிழ்த்தது. ஒரு சின்னத் திரையரங்கில் படத்தை ஓட்டிப் பார்த்தபோது, 55 ஹெர்ட்ஸ் நாற்காலியை அதிரவைத்து வசனத்தை விழுங்கியது. என் அறையில் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவு மெல்லியதாக இருந்ததே! வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து அறையை அளந்தேன். 10 அடிக்கு 10 அடி. அதாவது சுமார் 3 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. இந்த அகலத்துக்குள் நின்றபடி அதிரும் முதல் அலை 56, 57 ஹெர்ட்ஸ். அந்த அலை சுவரோரங்களில் பெருத்து, அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமல் போகும். அறை சதுரம் என்பதால் நீளத்திலும் அகலத்திலும் ஒரே கதை. என் நாற்காலி நட்டநடுவில் இருந்தது. கேட்கவில்லையே என்று ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். அறையின் மையத்திலிருந்து நாற்காலியை நகர்த்தினேன். அடி ஒலிகளை இனி ஹெட்போனிலும் ஒரு முறை சரிபார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். அந்த நிழலையும் பாதிக்குமேல் குறைத்தேன். கைபேசியில் பார்ப்பவருக்கு 55 ஹெர்ட்ஸ் அறவே கேட்காதே என்ற கவலைக்கும் வழி உண்டு. 110, 165, 220 என்று அதன் மடங்குகள் கேட்டால் போதும்; இல்லாத அடிச்சுரத்தை மூளையே நிரப்பிக்கொள்கிறது.

கடைசி நாள் ஒலிக்கலவைக்கு அவளும் என் அறைக்கு வந்தாள். இறுதிக் காட்சியில் அவன் ஊஞ்சலில் படுத்திருக்கிறான். கேமரா முற்றத்தைத் தாண்டிப் பின்வாசல் வழியாக வயலைப் பார்க்கிறது. நாற்பது நொடி. அங்கே தம்புரா, நிழல், ஊஞ்சல், கமகம் இல்லாத அந்தக் காந்தாரம் என்று எல்லாமே இருந்தன. நான் நேசித்துச் செய்த இடம் அது. இரண்டு முறை ஓட்டிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அண்ணா, காந்தாரத்தை எடுத்துவிடலாமா?”

எடுத்தேன். மறுபடி ஓட்டினோம்.

“நிழலையும்.”

எடுத்தேன்.

“தம்புராவும் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்படுவீர்களா?”

“இல்லை அம்மா, சொல்,” என்றேன். வருத்தம் இருந்தது. தம்புராவின் பாதையை மௌனமாக்கிவிட்டுப் படத்தை நாற்பது நொடி பின்னே நகர்த்தினேன். திரையில் வயல். பாதி வேகத்தில் ஊஞ்சல் இரண்டு முறை முனகி நின்றது. பிறகு அன்று இரவு பதிந்த வெறும் முற்றம் மட்டும். சில்வண்டின் கோடு. கிணற்றடியில் ஒரு சொட்டு.

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“தொலைவில் ஒரு நாய் குரைக்கிறது. கேட்கிறதா?”

ஹெட்போனை வாங்கி மாட்டினேன். இருந்தது. ரயில் பாதைக்கும் அப்பால், எங்கோ ஒரு ஊரின் கோடியில், ஒரே ஒரு நாய். அந்தப் பதிவை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன்.